தள்ளாடி வந்த மனிதரும் சிறுமூளையும்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூடுகையில் வரவு செலவையும் கட்டட வேலையின் நிலவரத்தையும் சொல்லி உங்களை அனுப்பி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கு அச்சிட்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இம்முறை வேறொன்றைப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். உங்கள் கையைத் தலையின் பின்புறம், பிடரிக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். அந்த எலும்புக்கு உள்ளே குடியிருக்கிறது சிறுமூளை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இதைப் பேசத் தூண்டியவர் ஒரு பூட்டுத் தொழிலாளி. எங்கள் தவறு ஒன்றும் இதில் கலந்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

பெஞ்சில் இரண்டரை மணி நேரம்

திண்டுக்கல் பூட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவர் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், தகப்பனார் காலத்துப் பட்டறையில், அரத்தைப் பிடித்துச் சாவிக்குப் பல் வெட்டுகிறவர். வயது நாற்பதை எட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. புறநோயாளர் பகுதியில் நிற்க இடமில்லை. இவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால்களை அகட்டி அகட்டி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து நடந்தார். பேச்சு குழறியது. வரும் வழியில் பேருந்தில், "காலையிலேயே ஏத்திட்டியா?" என்று கேட்டுப் பாதி வழியில் இறக்கிவிட்டார்களாம். மீதித் தூரத்தை அந்த அம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்தபடியே நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்.

நாங்களும் அதையேதான் நினைத்தோம். "தெளிஞ்ச பிறகு பாக்கலாம், ஓரமா உக்கார வையுங்கம்மா" என்று ஒரு பெஞ்சைக் காட்டினோம். "அவரு குடிக்கவே மாட்டாருங்க" என்று அந்த அம்மாள் மூன்று முறை சொன்னார். குடிக்கிறவர் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று எங்களுக்குள் எண்ணிக்கொண்டோம். அவர் அந்தப் பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு செவிலியர் அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார். டம்ளரை வாங்க நீண்ட கை, அதை நெருங்க நெருங்க அதிகமாக நடுங்கியது. கடைசியில் டம்ளரைத் தாண்டிப் போய்விட்டது. சாராய வாடை சிறிதும் இல்லை. "இந்தப் பக்கம் பாருங்கண்ணா" என்றபோது அவருடைய கருவிழிகள் நிலைகொள்ளாமல் துள்ளின. செவிலியர் நேரே எங்களிடம் வந்து, "சார், அவர் குடிச்சிருக்கல. கண்ணைப் பாருங்க" என்றார்.

அதன் பிறகு நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம். "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" மனைவி பையிலிருந்து எடுத்துக் காட்டியது ஃபெனிடோயின், வலிப்பு நோய்க்கான மாத்திரை. பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு மூன்று மாத்திரை, அதாவது 300 மில்லிகிராம். ஒரு மாதத்துக்கு முன் பட்டறையில் வலிப்பு வந்துவிட்டது. இனி வரவே கூடாது என்ற பயத்தில், யாரையும் கேட்காமல் தாமே நான்காவது மாத்திரையையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்று நான்கானால் இரத்தத்திலும் மூன்றில் ஒரு பங்குதானே கூடும் என்று நீங்கள் நினைக்கலாம். இந்த மருந்தில் அந்தக் கணக்கு செல்லாது. நமது ஈரல் இதை ஒரு அளவுக்குமேல் கழித்து வெளியேற்ற முடியாமல் திணறிப்போகிறது. அந்த எல்லையைத் தொட்டபின் ஒரே ஒரு மாத்திரை கூடினாலும் இரத்தத்தில் மருந்து மளமளவென்று ஏறிவிடும். ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பதே பொதுவாகச் சரியான அளவு. 20ஐத் தாண்டினால் கண் துள்ளும். 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும். 40ஐத் தாண்டினால் மயக்கமும் குழப்பமும் வரும். இவருக்கு 30ஐத் தாண்டியிருந்தது.

அவருடைய கை கால்களில் பலக்குறைவு இல்லை. எங்கள் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னால் அரம் பிடித்த கைக்குரிய வலுவோடு அழுத்தினார். பலம் இருந்தது, ஒழுங்குதான் இல்லை. அந்த ஒழுங்கைத் தருவது சிறுமூளை.

பிடரிக்குள் இருக்கும் அந்தச் சிறு உறுப்பு

வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. அதில் சிறுமூளை சுமார் 150 கிராம், ஒரு நடுத்தரச் சாத்துக்குடியின் எடை. பெருமூளையின் பின்பகுதிக்குக் கீழே, மூளைத்தண்டுக்குப் பின்னால், எலும்பாலான ஒரு குறுகிய குழிக்குள் அது அமர்ந்திருக்கிறது. இடையிலே புழு வடிவில் ஒரு நடுப்பகுதி, அதற்கு இரு பக்கமும் இரண்டு அரைக்கோளங்கள். நடுப்பகுதி உடம்பின் நடுத்தண்டையும் நடையையும் கவனிக்கிறது. பக்கக் கோளங்கள் கை கால்களின் நுணுக்கமான அசைவுகளைக் கவனிக்கின்றன. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு மடல் கண்ணின் நிலையையும் சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது.

எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2009இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் மனித மூளையின் நரம்பணுக்களை எண்ணிக் கணக்கிட்டபோது, மொத்தம் சுமார் 8,600 கோடியில் 6,900 கோடி சிறுமூளையிலேயே இருப்பது தெரிந்தது. ஐந்தில் நான்கு பங்கு! சிந்தனைக்கு இருப்பிடம் என்று நாம் போற்றும் பெருமூளைப் புறணியில் இருப்பவை 1,600 கோடி மட்டுமே.

இத்தனையும் அச்சிறு குழிக்குள் எப்படி அடங்கின? மடிப்புகளால்தான். சின்னாளப்பட்டிச் சேலையை மடித்து மடித்துச் சிறு பெட்டிக்குள் வைப்பதுபோல, சிறுமூளையின் மேற்பரப்பு மிக நெருங்கிய மெல்லிய மடிப்புகளாக மடிந்து கிடக்கிறது. அதை முழுதும் விரித்தால் பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நட்டநடுவில் வெட்டிப் பார்த்தால், உள்ளே வெண்மையான நரம்பு நார்கள் அடிமரமும் கிளையும் இலையுமாகத் தெரியும். பழைய உடற்கூற்று அறிஞர்கள் அதற்கு இலத்தீனில் இட்ட பெயர் "ஜீவ விருட்சம்". வேதாகமத்தின் முதல் நூலில் வாசிக்கிற அதே பெயர். மாணவப் பருவத்தில் நாங்கள் முதன்முதல் அதைக் கண்ட நாளில் உடற்கூற்று அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மூளைத்தண்டோடு சிறுமூளையை இணைப்பவை மேல், நடு, கீழ் என்று பக்கத்துக்கு மூன்று காம்புகள். கீழ்க் காம்பின் வழியே தண்டுவடத்திலிருந்து, "கால் இப்போது இங்கே இருக்கிறது, மூட்டு இவ்வளவு மடங்கியிருக்கிறது" என்ற செய்திகள் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. நடுக் காம்பு மூன்றிலும் பெரியது. "கையை இப்படி நீட்டப் போகிறேன்" என்ற பெருமூளையின் உத்தரவு நகல் எடுக்கப்பட்டு அதன் வழியே வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தம் செய்து, பெரும்பாலும் மேல் காம்பின் வழியே சிறுமூளை பதில் அனுப்புகிறது. ஆக, செய்ய நினைத்ததையும் செய்ததையும் சரிபார்க்கும் கணக்காளர் அது. நிலுவை கண்டால் உடனே திருத்திவிடும்.

பூட்டுத் தொழிலாளிக்கு நாங்கள் சொன்ன விளக்கம்

அவர் தேறி வந்த நாட்களில் ஒரு மாலை, "அந்த இடத்தில என்னதான் இருக்குது சார்?" என்று கேட்டார். அவர் தொழிலைக் கொண்டே அவருக்கு விளக்கினோம். அதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

சிறுமூளையின் மேற்பரப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. நடு அடுக்கில் ஒரே வரிசையாகப் பெரிய செல்கள் நிற்கின்றன. 1837இல் செக் நாட்டு அறிஞர் புர்கின்ஜி அவற்றைக் கண்டு சொன்னதால் புர்கின்ஜி செல் என்று பெயர். ஒவ்வொன்றும் தன் கிளைகளை விசிறிபோல ஒரே தளத்தில் தட்டையாக விரித்து மேலே நீட்டியிருக்கும். சுவரில் ஆணியடித்துப் படர விட்ட கொடியைப்போல.

கீழ் அடுக்கில் மணிமணியாக நெருங்கிக் கிடப்பவை மணிச் செல்கள். 6,900 கோடியில் மிகப் பெரும்பாலானவை இவைதான். உடம்பிலிருந்தும் பெருமூளையிலிருந்தும் செய்தி கொண்டு வருபவை பாசி நார்கள். முனையில் பாசி படர்ந்தாற்போலத் தோன்றுவதால் அந்தப் பெயர். அவை மணிச் செல்களிடம் செய்தியைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு மணிச் செல்லும் ஒரு மெல்லிய நாரை மேலடுக்குக்கு அனுப்புகிறது. அது அங்கே இரண்டாகப் பிரிந்து, இடமும் வலமுமாகச் சில மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. இவை இணை நார்கள். தறியில் பாவு நூல்கள் ஓடுவதுபோல ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, வழியில் நிற்கும் புர்கின்ஜி விசிறிகளைத் தொட்டுத் தொட்டுச் செல்கின்றன. ஒரே ஒரு புர்கின்ஜி செல்லை இப்படித் தொடும் இணைப்புகள் ஒரு இலட்சத்தையும் தாண்டும். நம் உடலில் வேறெந்த நரம்பணுவுக்கும் இத்தனை பேர் செய்தி சொல்வதில்லை.

இன்னொரு வகை நாரும் வருகிறது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒலிவக் காய் வடிவில் ஒரு முடிச்சு உண்டு. அதை ஒலிவம் என்போம். அங்கிருந்து வரும் நார், மரத்தைச் சுற்றி ஏறும் கொடிபோலப் புர்கின்ஜி செல்லைப் பற்றி ஏறுகிறது. அதற்கு ஏறு நார் என்று பெயர். ஒரு புர்கின்ஜி செல்லுக்கு ஒரே ஒரு ஏறு நார்தான். அது நொடிக்கு ஒரு முறை போல எப்போதாவதுதான் பேசும். பேசினால் அந்தச் செல் முழுவதும் அதிர்ந்துவிடும்.

இவ்வளவையும் கேட்டுப் புர்கின்ஜி செல் என்ன பதில் சொல்கிறது? இங்கேதான் பூட்டு வருகிறது. சிறுமூளையின் உட்புறத்தில் ஆழ்ந்த உட்கருக்கள் சில இருக்கின்றன. அவற்றில் பெரியது பல்லுரு உட்கரு. சிறுமூளையிலிருந்து வெளியேறும் செய்தி பெரும்பாலும் இவ்வுட்கருக்களின் வழியேதான் போகும். இவை தாமாகவே ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பவை. திறந்துகொள்ளத் தள்ளிக்கொண்டே இருக்கும் கதவைப்போல. புர்கின்ஜி செல்லோ அவற்றிடம் "பொறு" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. நொடிக்கு ஐம்பது தடவை போல அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதுதான் பூட்டு. எந்தக் கணத்தில் எந்தப் பூட்டு இளக வேண்டும், எது இறுக வேண்டும் என்பதில்தான் நம் அசைவின் அழகு முழுவதும் அடங்கியிருக்கிறது. கூடைச் செல், நட்சத்திரச் செல், கோல்கி செல் என்ற சிறு செல்களும் பக்கத்தில் இருந்து அடக்கும் வேலையையே செய்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நம்ம பூட்டுக்குள்ளயும் அப்படித்தான் சார். லீவர் அஞ்சும் சரியான உயரத்துக்கு ஒரே நேரத்துல எழும்பணும். ஒண்ணு கூடினாலும் திறக்காது, ஒண்ணு குறைஞ்சாலும் திறக்காது." நாங்கள் படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருப்பதாக நினைவில்லை.

புர்கின்ஜி செல் தூண்டுவதில்லை, அடக்கவே செய்கிறது என்பதை 1960களில் நிரூபித்தவர் ஜப்பானின் மசாவோ இட்டோ. 1967இல் அவரும் ஜான் எக்கிள்ஸ், யானோஷ் சென்டகோத்தை ஆகிய இருவரும் சேர்ந்து இந்த இணைப்புகள் முழுவதையும் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அவர்களுக்கு முன்பே, 1888இல், ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ காஹால் பறவைகளின் சிறுமூளையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து இச்செல்களின் உருவங்களைக் கையாலேயே வரைந்து வைத்தார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையல்ல, தனித்தனியானவை என்று சொல்ல அவருக்கு முதல் துணையாக நின்றதும் இந்தச் சிறுமூளைதான். 1906இல் கோல்கியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பழக்கம் என்பது எங்கே எழுதப்படுகிறது?

நம் பூச்சந்தையில் மல்லிகை கட்டும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கண் வாடிக்கையாளர் மேல், வாய் விலை பேசும், விரல்கள் மட்டும் தாமே நாரை இழுத்து முடிச்சிட்டுக்கொண்டிருக்கும். முதல் நாள் அவர்களுக்கும் பூ நழுவியிருக்கும், முடிச்சு அவிழ்ந்திருக்கும். பிறகு எப்படி இது கைவந்தது?

1969இல் டேவிட் மார் என்பவரும் 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் என்பவரும் ஒரு கருத்தைச் சொன்னார்கள். ஏறு நார்தான் ஆசிரியர். முடிச்சு நழுவும் கணத்தில் அது "தவறு" என்று அதட்டுகிறது. அந்தக் கணத்தில் எந்த இணை நார்கள் பேசிக்கொண்டிருந்தனவோ, அவற்றின் இணைப்பு மாற்றப்படுகிறது. ஆல்பஸ், இணைப்பு தளரும் என்றார். அப்படித் தளர்வதை 1982இல் இட்டோவின் குழு சோதனையில் கண்டது. இதுவே முழுக்கதை என்று இன்று யாரும் சொல்வதில்லை. கற்றலுக்கு வேறு வழிகளும் சிறுமூளைக்குள் உண்டு. ஆனாலும் நமக்கு ஒன்று விளங்குகிறது. ஆயிரம் தடவை தவறி, ஆயிரம் தடவை சிறிது சிறிதாகத் திருத்தப்படுவதால்தான் கைப்பழக்கம் வருகிறது. சைக்கிள் பழகும் பிள்ளை விழும்போது திட்டாதிருங்கள். சிறுமூளைக்கு அந்தத் தவறுகள்தான் பாடம்.

இவையெல்லாம் கருவிலேயே எப்படி உருவாகின்றன என்பதையும் இப்போது பார்க்க முடிகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய வெட்டுகளாக்கிப் படமெடுத்து, 5,132 வெட்டுகள் கொண்ட "தரணி" என்ற முப்பரிமாணப் படத்தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர் எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மூளை மருத்துவம் வளர்ந்த கதைக்கு இன்னொரு தொடக்கமும் உண்டு. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல், நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

மருத்துவர் என்ன பார்க்கிறார்?

சிறுமூளையைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதலாம் உலகப் போரில் பின்தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் படுக்கையருகே உட்கார்ந்து ஆராய்ந்த கார்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர் 1917இல் எழுதியவற்றை இன்றும் நாங்கள் பின்பற்றுகிறோம்.

விரலால் உங்கள் மூக்கைத் தொட்டு, பிறகு எங்கள் விரலைத் தொடச் சொல்வோம். குறியை நெருங்கும்போது நடுக்கம் கூடுகிறதா, குறி தவறுகிறதா என்று பார்ப்போம். உள்ளங்கையைத் தொடையின்மேல் முன்னும் பின்னுமாக வேகமாகத் திருப்பித் திருப்பித் தட்டச் சொல்வோம். படுக்கவைத்து, ஒரு குதிகாலை மற்றக் காலின் முழங்காலில் வைத்துக் கீழ்நோக்கி வழுக்கச் சொல்வோம். குதிகாலும் விரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொல்வோம். கண்ணைப் பார்ப்போம். பேச்சைக் கேட்போம்.

ஒன்று கவனியுங்கள். பெருமூளையின் வலப்பக்கம் கெட்டால் இடக்கை விழும். சிறுமூளையின் வலப்பக்கம் கெட்டாலோ வலக்கைதான் தடுமாறும். சிறுமூளையிலிருந்து போகும் பாதை ஒருமுறை பக்கம் மாறிப் பெருமூளைக்குப் போகிறது. பெருமூளையிலிருந்து இறங்கும் பாதை மறுபடி பக்கம் மாறுகிறது. இரண்டு முறை மாறியதால் புறப்பட்ட பக்கத்துக்கே வந்து சேர்கிறது.

கோட்டில் நடக்கச் சொல்லும் சோதனையைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களிடம் சில நாடுகளில் காவலர்களும் செய்வதுண்டு. மது சிறுமூளையைக் குலைக்கிறது என்பதே அதற்குக் காரணம். அளவு மீறிய ஃபெனிடோயினும் அதே இடத்தைக் குலைக்கிறது. ஆகவேதான் எங்கள் பூட்டுத் தொழிலாளி குடித்தவர்போலவே இருந்தார். ஒரே வீட்டுக்குள் இருவேறு வாசல் வழியாக நுழைந்த திருடர்கள். இதை அறிந்தவர்களாகிய நாங்களே பெஞ்சைக் காட்டினோம் என்பதுதான் எங்களைக் குத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் உண்மையிலேயே குடித்தவராக இருந்திருந்தால் மட்டும் பெஞ்சில் விட்டுவிடலாமா? பல்லாண்டு குடிப்பழக்கமும் அதோடு சேர்ந்த சத்துக்குறைவும் சிறுமூளையின் நடுப்பகுதியில் புர்கின்ஜி செல்களை அழித்துவிடுகின்றன. அப்படிப்பட்டவர் குடிக்காத நாளிலும் தள்ளாடுவார். குடியை நிறுத்தி, தயாமின் என்ற உயிர்ச்சத்தும் நல்ல உணவும் கொடுத்தால் நோய் மேலும் முற்றாமல் தடுக்கலாம். சிலருக்கு ஓரளவு தேறவும் செய்யும். அவரும் நோயாளிதான்.

நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

திடீரென்று தலைசுற்றல், வாந்தி, எழுந்து நிற்கவே முடியாத நிலை: இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் அது காதின் உட்பகுதிக் கோளாறாகவே இருக்கும். ஆனால் சில சமயம் அது சிறுமூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டதாகவோ, வெடித்ததாகவோ இருக்கலாம். கை கால் விழாததால் பக்கவாதம் என்று யாரும் நினைப்பதில்லை. சிறுமூளை இருப்பதோ குறுகிய குழி. இரண்டு மூன்று நாட்களுக்குள் அது வீங்கினால் முன்னால் இருக்கும் மூளைத்தண்டை நெருக்கும். மூச்சை நடத்தும் இடம் அது. ஆகவே வயதானவர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர், திடீரென்று நிற்க முடியாமல் போனால், இரட்டையாகத் தெரிந்தால், பேச்சு குழறினால், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. முதல் நாளில் சாதாரண சி.டி. ஸ்கேனில் சிறுமூளை அடைப்பு தெரியாமல் போவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தெளிவாகக் காட்டும்.

பிள்ளைகளுக்கு விடிகாலையில் தலைவலியும் வாந்தியும் வந்து, நடையும் தடுமாறினால், "பள்ளிக்கூடம் போக நடிக்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைகளின் மூளைக் கட்டிகள் இந்தப் பின்குழியில் அடிக்கடி வருகின்றன. மாறாக, அம்மை போட்டு இறங்கிய சில நாட்களில் பிள்ளை தள்ளாடினால், பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். ஆயினும் மருத்துவரிடம் காட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

சில குடும்பங்களில் தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறைதோறும் நடை கெடுவதுண்டு. "சாபம்" என்று ஊர் பேசும், பெண் கொடுக்கமாட்டார்கள். இது பரம்பரைச் சிறுமூளைத் தேய்வு. அதன் முதல் வகைக்கான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். மரபணுவில் ஒரு மூன்றெழுத்துச் சொல் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எழுதப்படுவதே காரணம். தமிழ்நாட்டின் ஒரு பகுதி மக்களிடையே இம்முதல் வகை மிக அதிகமாகக் காணப்படுவதை 2005இல் நியூராலஜி இந்தியா இதழ் வெளியிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நடைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, விழாமல் காக்கும் ஏற்பாடுகள், மரபணு ஆலோசனை இவையெல்லாம் உண்டு. சாபம் இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்பதே அக்குடும்பங்களுக்குப் பாதி மருந்து என்பதை எங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

ஃபெனிடோயினைச் சில நாட்கள் நிறுத்தி வைத்துக் கவனித்தோம். பிறகு வேறொரு வலிப்பு மருந்துக்கு மாற்றினோம். முதலில் கண் அடங்கியது. இரண்டாம் வாரத்தில் தனியாக நடந்தார். ஆனால் முழுவதும் பழைய நிலை வந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டோம். நீண்ட காலம் இந்த மருந்தை உட்கொண்டவர்களில் சிலருக்குச் சிறுமூளை சுருங்கி விடுவதுண்டு. இவருடைய ஸ்கேனிலும் அதன் சாயல் இருந்தது. இப்போது பட்டறையில் தகடு வெட்டுகிறார், லீவர் கோக்கிறார். சாவிக்குப் பல் வெட்டும் நுணுக்க வேலையை மட்டும் மகனிடம் விட்டுவிட்டார். அருகில் உட்கார்ந்து, "அரத்தை இறுக்காதே, விட்டுப் பிடி" என்று சொல்லிக் கொடுக்கிறார். மகனுடைய முதல் இரண்டு மூன்று சாவிகள் எந்தப் பூட்டிலும் நுழையவில்லையாம்.

எங்கள் புறநோயாளர் பகுதியில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தள்ளாடி வருபவர் யாராயிருந்தாலும், உட்காரச் சொல்லுமுன் ஒரு செவிலியர் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும், விரலால் மூக்கைத் தொடச் சொல்ல வேண்டும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கூட வந்தவரிடம் கேட்க வேண்டும். ஒரு நிமிடம்தான் ஆகும். வாடை இருக்கிறதோ இல்லையோ, எல்லாருக்கும் இதுவே.

உங்களிடம் நாங்கள் கேட்பதும் இவ்வளவே. உங்கள் வீட்டில் யாராவது வலிப்பு மாத்திரை சாப்பிட்டால், அதைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவரைக் கேளாமல் செய்ய விடாதீர்கள். பேருந்தில் ஒருவர் தள்ளாடி ஏறினால், "குடிகாரன்" என்ற சொல் நாவுக்கு வருமுன் அவர் கூட வந்தவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அந்த அம்மாள் எங்களிடம் மூன்று முறை சொன்னார். முதல் முறையே நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.